உங்களுக்குத் தெரியுமா? சில்வர் ஓக் நிழலில் ஒரு பழைய பி.சி.

இந்தக் கோடைக்கு ஏற்காடு போயிருந்தேன். தங்கிய காபி எஸ்டேட்டின் பழைய ஆபீஸ் அறையில், மிளகுச் சாக்குகளுக்குப் பின்னால், பழுப்பேறிப்போன பி.சி. ஒன்று கிடந்தது. ஐந்தேகால் அங்குல பிளாப்பி டிரைவ் இரண்டு; ஹார்டு டிஸ்க் கிடையாது. பக்கத்தில் ஒரு செருப்புப் பெட்டி நிறைய பிளாப்பிகள். சேர்வராயன் மலையின் ஈரக்காற்று வருஷக்கணக்காக உள்ளே புகுந்து, எல்லாவற்றிலும் வெள்ளையாகப் பூஞ்சை பூத்திருந்தது. ஒரே ஒரு லேபிளில் மட்டும் பேனா எழுத்து அழியவில்லை: 'டி.பி. 5.5'.

"எடைக்குப் போட்டுரலாம்னு இருக்கேனுங்க சார்" என்றார் மேனேஜர். கொஞ்சம் பொறுங்கள் என்றேன்.

டி.பி. 5.5 என்றால் டர்போ பாஸ்கல், 5.5 பதிப்பு. போர்லாண்ட் நிறுவனம் 1989-ல் வெளியிட்டது. ஆப்ஜெக்ட் ஓரியண்டட் புரோகிராமிங் என்கிற பொருள்நோக்கு நிரலாக்கம், சாதாரண பி.சி.க்குள் நுழைய முட்டிமோதிக்கொண்டிருந்த காலம் அது. நாலைந்து மொழிகள் வாசலில் நின்றன. இந்த மலையில் முகம் தெரியாத யாரோ ஒருவர் அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். சரியாகத்தான் தேர்ந்தெடுத்தாரா? சேலம் இறங்கும்வரை அதே யோசனை. இந்த மாதத் துணுக்குகள் அங்கிருந்து வந்தவை.

● பொருள்நோக்கு மொழிகளின் தாய்வீடு அமெரிக்கா அல்ல, நார்வே! ஓஸ்லோவில் ஓலே-யோஹான் டால், கிறிஸ்டன் நிகார்ட் என்ற இருவர் உருவாக்கிய 'சிமுலா 67'தான் முதல் மொழி. வரிசையில் காத்திருப்பது, ஒன்று முடிந்தால்தான் அடுத்தது நகர்வது மாதிரியான நடப்புகளைக் கணினிக்குள் நடத்திப் பார்க்க அவர்களுக்கு ஒரு கருவி தேவைப்பட்டது. காபிச் செடி என்றால் அதற்கு என்னென்ன உண்டு, அது என்னென்ன செய்யும் என்று ஒரே ஒரு முறை எழுதி வைத்தால் அது 'கிளாஸ்'. அந்த எழுத்தை வைத்துத் தோட்டத்தில் ஆயிரம் செடி நட்டால், ஒவ்வொன்றும் ஒரு 'ஆப்ஜெக்ட்'. ஒவ்வொரு செடிக்கும் வயது வேறு, காய்ப்பு வேறு. ஆனால் எல்லாம் காபிச் செடி. அடிப்படை இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதற்குக் கட்டிய திண்ணையும் மாடியும்.

இருவருக்கும் 2001-ஆம் ஆண்டின் டூரிங் விருது கிடைத்தது. 2002-ல், ஜூன் மாதம் ஒருவரும் ஆகஸ்டில் மற்றவருமாக, இருவரும் காலமானார்கள்.

● இதற்கெல்லாம் தமிழில் நல்ல சொற்கள் உண்டு, நம் பிள்ளைகள் அவற்றில் பரீட்சையே எழுதியிருக்கிறார்கள். தமிழ்நாட்டு மேல்நிலை வகுப்புக் கணிப்பொறிப் பாடநூலில் கிளாஸ் என்றால் இனக்குழு. ஆப்ஜெக்ட், பொருள். பெற்றோரிடமிருந்து பண்பைப் பெறுவது மரபுரிமம். ஒரே பெயரில் பல வடிவம் எடுப்பது பல்லுருவாக்கம். பொருளைப் பிறப்பிக்கும் செயற்கூறு ஆக்கி, முடித்துவைப்பது அழிப்பி. 'கன்ஸ்ட்ரக்டர், டிஸ்ட்ரக்டர்' என்று நாக்கைச் சுழற்றுவதைவிட ஆக்கி, அழிப்பி எவ்வளவு கச்சிதம்! கல்லூரி வாசலை மிதித்த அன்றே இந்தச் சொற்களையெல்லாம் உதறிவிடச் சொல்கிறார்கள் என்பதுதான் வருத்தம்.

இலக்கண வகுப்பில் தூங்காதவர்களுக்கு இன்னொன்றும் தெரிந்திருக்கும். திணை இரண்டு, அதன் கீழ் பால் ஐந்து. உயர்திணையின் கீழ் மூன்று, அஃறிணையின் கீழ் இரண்டு. 'வா' என்ற ஒரே வினை, எழுவாய்க்குத் தக்கபடி வந்தான், வந்தாள், வந்தது என்று உருமாறும். இனக்குழுவின் கீழ் கிளைக்குழு, ஒரே கட்டளைக்குப் பல வடிவம். தமிழ் மாணவருக்கு இது புதுச் சரக்கே அல்ல.

● பர்சனல் கம்ப்யூட்டருக்கென்றே பிறந்த முதல் பொருள்நோக்கு மொழி, பெரியவர்களுக்காக எழுதப்பட்டதல்ல. குழந்தைகளை மனதில் வைத்து எழுதப்பட்டது. பெயர் 'ஸ்மால்டாக்'. கலிஃபோர்னியாவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் ஆலன் கே, டான் இங்கால்ஸ், அடெல் கோல்ட்பர்க் முதலானோர் 1970-களில் வளர்த்தெடுத்தார்கள். குழந்தை கையில் நோட்டுப்புத்தகம் மாதிரி ஒரு கணினி இருக்கவேண்டும் என்று ஆலன் கே 1972-லேயே எழுதினார். 'ஆப்ஜெக்ட் ஓரியண்டட்' என்ற பெயரைச் சூட்டியவரும் அவர்தான். பின்னாளில், பொருளைவிடப் பொருள்கள் ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொள்ளும் செய்திதான் முக்கியம், பெயர் வைத்ததில் தவறிவிட்டேன் என்று அவரே வருந்தினார். பெயர் வைத்தவரே வருந்திய மொழிக் குடும்பம் வேறு உண்டா, தெரிந்தால் எழுதுங்கள்.

● 1979 டிசம்பரில் ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ் அந்த மையத்துக்குப் போனபோது நடந்தது இது. திரையில் எழுத்துகள் வரி வரியாகத் துள்ளி நகர்வது அவருக்குப் பிடிக்கவில்லை. வழுக்கிக்கொண்டு நகர்ந்தால் நன்றாயிருக்குமே என்றார். டான் இங்கால்ஸ் ஓடிக்கொண்டிருந்த அமைப்புக்குள்ளேயே கையை விட்டு, அந்தச் சிறு பகுதியை மாற்றி, அடுத்த நிமிஷமே வழுக்கவைத்துக் காட்டினார். கணினியை நிறுத்தவில்லை, மறுபடி தொடங்கவில்லை. ஓடுகிற பஸ்ஸுக்கு டயர் மாற்றின கதை! ஸ்மால்டாக்கின் ருசி அதுதான். அந்த ருசி கண்டவர்கள் வேறு மொழி எதையும் மனசார ஏற்றுக்கொண்டதில்லை.

● 1981-ல் ஐ.பி.எம். பி.சி. பிறப்பதற்கு மூன்று வருஷம் முன்பே, அதே சிப் குடும்பத்தில் ஸ்மால்டாக் ஓடிவிட்டது என்பது பலருக்குத் தெரியாது. 1978-ல் அதே மையத்தில் பெட்டி மாதிரித் தூக்கிச் செல்லும் 'நோட்டேக்கர்' என்ற கணினியைச் செய்தார்கள். உள்ளே இன்டெலின் 8086 சிப்புகள். ஐ.பி.எம். பி.சி.யில் இருந்த 8088, அதன் தம்பி. நோட்டேக்கர் கடைக்கே வரவில்லை.

● வெளியுலகம் ஸ்மால்டாக்கைப் பார்த்தது 1981 ஆகஸ்டில். அமெரிக்காவின் 'பைட்' பத்திரிகை ஒரு முழு இதழையே அதற்கு ஒதுக்கியது. அட்டையில் வண்ண பலூன் ஒன்று பறக்கும். படித்தவர்கள் மயங்கினார்கள், தங்கள் மேஜைமேல் இருந்த கணினியைத் திரும்பிப் பார்த்தார்கள், பெருமூச்சு விட்டார்கள். அதே மாதம் வந்த ஐ.பி.எம். பி.சி. 16 கேபி நினைவகத்தில் தொடங்கியது, வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ். ஸ்மால்டாக் பிறந்த ஜெராக்ஸ் ஆல்டோவிலோ 1973-லேயே 128 கேபி, வேண்டுமானால் 512 வரை. மொழி தயார், பெட்டிதான் தயாராகவில்லை.

● ஏற்காடு மலைப்பாதையில் சேலத்திலிருந்து ஏறினால் 20 கொண்டை ஊசி வளைவுகள். மேலே எவ்வளவு பெரிய சரக்கு வேண்டுமானாலும் தேவைப்படலாம். ஆனால் அந்த வளைவில் திரும்ப முடிகிற லாரிதான் போகும். டாஸ் காலத்து பி.சி.க்கு அந்த வளைவின் பெயர் 640 கேபி. சிப்பால் 1 எம்பி வரை எட்டிப்பார்க்க முடியும். மேல்பகுதியைத் திரைக்கும் உள்வேலைக்கும் ஒதுக்கிய பிறகு நிரல்களுக்கு மிஞ்சியது 640. அதிலும் ஒரே மூச்சில் 64 கேபி-க்குமேல் தொட முடியாது, துண்டு துண்டாகத்தான். போர்லாண்டின் டர்போ சி++-ல் 'டைனி'யிலிருந்து 'ஹியூஜ்' வரை ஆறு மெமரி மாடல்கள் இருந்தன. நிரல் எழுதுமுன் எந்த மாடல் என்று முடிவு செய்யவேண்டும். பெண் பார்க்குமுன் மண்டபம் பிடிப்பது போல!

ஆகவே அன்றைக்கு 'எந்த மொழி சிறந்தது?' என்று கேட்டவர்கள் கேள்வியையே தப்பாகக் கேட்டார்கள். 'எது மலையேறும்?' என்று கேட்டவர்கள்தான் ஜெயித்தார்கள்.

● சி++ பிறந்ததும் ஒரு கணினி மூச்சுத் திணறியதால்தான். டென்மார்க்கைச் சேர்ந்த பியார்ன் ஸ்ட்ரூஸ்ட்ரப், கேம்பிரிட்ஜில் ஆய்வுப் பட்டத்துக்காக ஒரு நிரலைச் சிமுலாவில் எழுதினார். எழுதச் சுகமாக இருந்தது, ஓட்டினால் நகரவில்லை. கடைசியில் எல்லாவற்றையும் தூக்கிப்போட்டு, பி.சி.பி.எல். என்ற கரடுமுரடான மொழியில் மறுபடி எழுதவேண்டியதாயிற்று. அந்த எரிச்சலோடு அமெரிக்காவின் பெல் ஆய்வகத்துக்குப் போனவர், 1979-ல் சி மொழிக்குள் சிமுலாவின் இனக்குழுவைக் கொண்டுவந்து செருகினார். முதல் பெயர் 'கிளாஸ்கள் கொண்ட சி'. 1983-ல் ரிக் மாசிட்டி என்ற சகா சி++ என்று பெயர் சூட்டினார். சி மொழியில் ++ என்றால் ஒன்று கூட்டு என்று பொருள். ஆனால் குறி பின்னால் வந்தால், கூட்டுமுன் இருந்த பழைய மதிப்பைத்தான் கையில் கொடுக்கும். சி++ படித்த பலர் சி-யை மட்டுமே எழுதுவதைப் பார்க்கும்போது, பெயர் வைத்தவர் தீர்க்கதரிசி என்று தோன்றும்.

● பி.சி.யில் அந்த சி++ ஆரம்பத்தில் நொண்டியடித்தது. பெல் ஆய்வகத்தின் 'சிஃபிரன்ட்' நிரல் சி++-ஐ முதலில் சி-யாக மாற்றித்தரும்; பிறகு அந்த சி-யை வேறொரு கம்பைலருக்கு ஊட்டவேண்டும். இரண்டு பிளாப்பி வைத்துக்கொண்டு இதைச் செய்தவர்களின் பொறுமையை என்ன சொல்வது! 1988-ல் வால்டர் பிரைட் என்ற ஒற்றை ஆள் எழுதிய 'ஜோர்டெக் சி++' அந்த நடுக்கடையை மூடியது. சி++-ஐ நேரடியாக இயந்திர மொழிக்குக் கொண்டுபோனது.

● டர்போ பாஸ்கல் 3.0: எடிட்டர், கம்பைலர் எல்லாம் சேர்ந்த அந்த ஒற்றைக் கோப்பின் அளவு 40 கேபி-க்கும் குறைவு. காலையில் உங்கள் வாட்ஸ்அப்புக்கு வந்த 'குட் மார்னிங்' ரோஜாப்பூ இதைவிடக் கனம்.

1983-ல் முதல் பதிப்பின் விலை 49.95 டாலர், மற்ற கம்பைலர்கள் நூற்றுக்கணக்கான டாலருக்கு விற்றுக்கொண்டிருந்த காலத்தில். எழுதியவர் டென்மார்க்கின் ஆண்டர்ஸ் ஹெல்ஸ்பர்க். பிற்பாடு மைக்ரோசாஃப்டுக்குப் போய் சி# மொழியின் தலைமைச் சிற்பியானவரும் இவரே. சி++-ஐத் தந்தவரும் டென்மார்க், டர்போ பாஸ்கலைத் தந்தவரும் டென்மார்க். பக்கத்து வீடு நார்வே, சிமுலாவின் ஊர். குளிர் நாட்டில் வெளியே போக முடியாமல் உட்கார்ந்து இனக்குழு எழுதியிருப்பார்களோ!

● சரி, 5.5-ல் என்ன புதிது? அதில்தான் பாஸ்கலுக்குள் பொருள்கள் வந்தன. யோசனையில் பாதி ஆப்பிளிடமிருந்து: லாரி டெஸ்லர் குழுவினர், பாஸ்கலின் தந்தை நிக்லாஸ் விர்த்தின் ஆலோசனையோடு, மேக்கின்டோஷுக்காக 'ஆப்ஜெக்ட் பாஸ்கல்' செய்திருந்தார்கள். மீதி சி++-இடமிருந்து. (கட், காப்பி, பேஸ்ட் நமக்குக் கிடைக்கக் காரணமானவரும் இதே டெஸ்லர்தான்.) பழைய பாஸ்கல் தெரிந்தவர் நாலு புதுச் சொல் கற்றால் போதும். ஒரு பொறி மட்டும் இருந்தது. மெய்நிகர் ('விர்ச்சுவல்') செயற்கூறு உள்ள பொருளுக்கு ஆக்கியை அழைக்க மறந்தால், பெரும்பாலும் பிழைச் செய்தி எல்லாம் வராது. கணினி அப்படியே உறைந்துபோகும். சுவிட்சை அணைத்துப் போடவேண்டியதுதான்.

● இப்போது காபிக்கு வருவோம். சேர்வராயன் மலைக்குக் காபி வந்தது 1820-களில். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்தார் என்பது வரலாறு. இன்று இந்த எஸ்டேட்டுகளில் பரவலாக நிற்கும் அராபிகா ரகங்களில் ஒன்று எஸ்.795. கர்நாடகத்தின் பாலேஹொன்னூர் காபி ஆராய்ச்சி நிலையம் தந்தது. அதன் அப்பா அம்மா, எஸ்.288-உம் கென்ட்டும். ஒன்றிடமிருந்து இலைத்துரு நோயைத் தாங்கும் பலம், மற்றதிடமிருந்து கோப்பையின் ருசி.

இரண்டு பெற்றோரிடமிருந்து பண்பு பெறுவதைச் சி++ அனுமதித்தது. 1989-ல் வந்த 2.0 பதிப்பிலிருந்து. பன்வழி மரபுரிமம் என்று பெயர். டர்போ பாஸ்கல் 5.5-ல் ஒரு பெற்றோர்தான். ஸ்மால்டாக்கிலும் அப்படியே. எஸ்.795-ஐ அந்த எஸ்டேட் பி.சி.யில் உள்ளபடி எழுத முடியாது! இதை ஒரு பெரிய குறை என்று அந்தக் காலத்தில் சண்டை போட்டார்கள். என்னைக் கேட்டால், இரண்டு பெற்றோர் வசதியை வைத்துக்கொண்டு நிரலைச் சிக்கலாக்கிக்கொண்டவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். பாட்டன் ஒருவரே இரண்டு வழியாகவும் வந்து சேர்ந்தால் எந்தச் சொத்து யாருக்கு என்ற வழக்கு, சி++-இலும் உண்டு.

● வரிசையில் நின்று பஸ் கிடைக்காமல் போனவர்களையும் சொல்லிவிடவேண்டும். 'ஆக்டர்': 1987-ல் சார்லஸ் டஃப் உருவாக்கியது, விண்டோஸ் நிரல் எழுதுவதற்காகவே வந்தது, விண்டோஸையே அப்போது பலர் பார்த்ததில்லை. 'ஸ்மால்டாக்/வி': டிஜிடாக் நிறுவனம் 1986-ல் பி.சி.க்குள் ஸ்மால்டாக்கைச் சுருக்கி அடைத்த சாகசம். பெர்ட்ரான்ட் மேயரின் 'ஐஃபல்': ஒழுக்கமான மொழி. ஒழுக்கமானவர்களுக்கு நேரும் கதிதான் அதற்கும் நேர்ந்தது.

● பிராட் காக்ஸ், டாம் லவ் இருவரும் செய்த 'ஆப்ஜெக்டிவ்-சி' மட்டும் தப்பிப் பிழைத்தது. சி-யின் முதுகில் ஸ்மால்டாக்கை ஏற்றிய மொழி. ஆப்பிளைவிட்டு வெளியேறிய ஜாப்ஸ் 1988-ல் 'நெக்ஸ்ட்' கணினியைக் கொண்டுவந்தபோது இதைத்தான் எடுத்தார். விலை 6,500 டாலர், 8 எம்பி நினைவகம். கொண்டை ஊசி வளைவே இல்லாத பணக்காரச் சாலை! 1990-ல் டிம் பெர்னர்ஸ்-லீ உலகின் முதல் வலை உலாவியை எழுதியது அந்தக் கணினியில், அந்த மொழியில். பல வருஷம் கழித்து ஐபோன் செயலிகளும் அதில்தான் பிறந்தன.

● நம் ஊர்ப் பக்கம் வருவோம். 1973-ல் சென்னை ஐ.ஐ.டி.க்கு வந்த ஐ.பி.எம். 370/155 காலத்தில் அட்டையில் துளை போட்டு ஃபோர்ட்ரான் எழுதினார்கள். அந்த ஃபோர்ட்ரானை இந்திய மாணவர்களுக்குக் கைக்கடக்கமான விலையில் புத்தகமாக்கித் தந்த வி. ராஜாராமன் பிறந்தது ஈரோட்டில், 1933-ல்.

1984-ல் புதிய கணினிக் கொள்கை வந்து இறக்குமதி வரி இறங்கிய பிறகுதான் பி.சி. என்ற சொல்லே கடைத்தெருவுக்கு வந்தது. அதே சமயம் மத்திய அரசு பள்ளிகளுக்கு பிரிட்டனின் பி.பி.சி. மைக்ரோ கணினிகளைக் கொடுத்தது. 32 கேபி நினைவகம். மொழி பேசிக், சோஃபி வில்சன் எழுதியது. திட்டத்தின் பெயர் 'கிளாஸ்'. வேடிக்கை என்னவென்றால், திட்டத்தில் கிளாஸ் இருந்தது, மொழியில் கிளாஸ் இல்லை!

● அப்புறம் எப்படித் தமிழ்நாடு முழுக்க சி++ ஆயிற்று? மலையேறிய காரணம் ஒன்று: 1990-ல் போர்லாண்டின் டர்போ சி++ வந்தது, இருந்த பி.சி.யிலேயே ஓடியது. சி தெரிந்த ஆசிரியர் அதிகம் மெனக்கெடாமல் நடத்திவிடலாம். இ. பாலகுருசாமியின் சி++ புத்தகம் கையருகில் இருந்தது. பின்னாளில் அண்ணா பல்கலைக்கழகத் துணைவேந்தரானவர் அவர். யூனிட் ஒன்று, யூனிட் இரண்டு என்று பாடத்திட்டத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. எழுபது பேர் உட்காரும் வகுப்பில் அந்தச் சட்டைதான் பொருந்தும். குறை சொல்ல எனக்கு மனமில்லை.

ஊரில் உண்மையான வேலை வேறு மொழியில் நடந்தது. ஜவுளிக்கடை பில்லும் பைனான்ஸ் கம்பெனி வட்டிக் கணக்கும் டிபேஸிலும் ஃபாக்ஸ்புரோவிலும் ஓடின. வேலைக்கு ஃபாக்ஸ்புரோ, பரீட்சைக்கு சி++. அந்த ஃபாக்ஸ்புரோவுக்கே 1995-ல், 'விஷுவல் ஃபாக்ஸ்புரோ' ஆனபோது, இனக்குழுவும் மரபுரிமமும் வந்துசேர்ந்தன. பில் போட்டவர்களில் எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்தார்களோ!

● பெட்டி மாறிய பிறகும் மொழிப் பதிப்பு மாறவில்லை என்பதுதான் நம் கதையின் சோகமும் நகைச்சுவையும். சி++-க்கு உலகத் தரம் வகுக்கப்பட்டது 1998-ல். நம் ஆய்வகங்களில் அதற்கு முந்தைய டர்போ சி++-இன் அதே நீலத்திரை. 64 பிட் விண்டோஸ் வந்து 16 பிட் நிரல்களை உள்ளே விட மறுத்தபோது என்ன செய்தோம்? பழைய விளையாட்டுகளை ஓட்டுவதற்காக எழுதப்பட்ட 'டாஸ்பாக்ஸ்' மென்பொருளுக்குள் டர்போ சி++-ஐ உட்காரவைத்தோம். புது லேப்டாப்புக்குள் ஒரு பழைய பி.சி.யைக் கட்டி, அதற்குள் பாடம் நடத்தினோம்.

நானே அனுபவித்தது. என் கல்லூரி ஆய்வகத்தில் 8-இன் தொடர்பெருக்கம் கேட்டால் திரையில் -25216 என்று வரும். எட்டு நேர்ம எண்களைப் பெருக்கி எதிர்ம விடை! ஆய்வக உதவியாளரிடம் காட்டினேன். "எட்டு போடாதப்பா, அஞ்சு போடு" என்றார். ஐந்து போட்டேன், 120 வந்தது, ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கினேன். காரணம் புரிய இரண்டு வருஷம் ஆனது. டர்போ சி++-ல் முழு எண்ணுக்கு 16 பிட் இடம்தான்; 32,767-க்குமேல் தாங்காது. சரியான விடை 40,320. நிரம்பி வழிந்து, மறுபக்கமாகச் சுற்றி, கழித்தல் குறியோடு வந்து நிற்கிறது. அந்த ஒரு விடையை வைத்துக்கொண்டு கணினியின் நினைவகத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பாடம் நடத்தியிருக்கலாம். பழைய மொழியை வைத்துக்கொண்டதுகூட எனக்குக் குற்றமில்லை. விடை ஏன் அப்படி வருகிறது என்று சொல்லாமல் விட்டதுதான் குற்றம்.

பள்ளிக்கூடம் முந்திக்கொண்டது. 2018-ல் புதிய பாடத்திட்டம் வந்தபோது பிளஸ் ஒன்னில் சி++ இருந்தது, ஆனால் புதிய கம்பைலரோடு. அடுத்த ஆண்டு பிளஸ் டூவில் பைதான்.

● மலையை விட்டு இறங்குமுன் கடைசியாக ஒன்று. ஏற்காட்டுக் காபிச் செடிகளுக்குக் குடை பிடிப்பது பெரும்பாலும் சில்வர் ஓக் மரங்கள். அதன்மேல் மிளகுக் கொடி. (பெயர்தான் ஓக். சொந்த ஊர் ஆஸ்திரேலியா, அசல் ஓக் மரத்துக்கு இது உறவே இல்லை.) 1990-களின் தொடக்கத்தில் சன் நிறுவனத்தில் ஜேம்ஸ் கோஸ்லிங், வீட்டுச் சாதனங்களுக்காக சி++-ஐ முயன்று பார்த்து அலுத்து, புது மொழி ஒன்றை எழுதினார். அறை ஜன்னலுக்கு வெளியே நின்ற மரத்தின் பெயரையே மொழிக்கும் வைத்தார்: ஓக். அந்தப் பெயர் வேறொரு நிறுவனத்தின் வசம் இருந்ததால் 1995-ல் மாற்றவேண்டி வந்தது. புதுப் பெயர், காபியின் பெயர்: ஜாவா. இங்கே ஓக் நிழலில் காபி வளர்கிறது. அங்கே ஓக்கே காபியாகிவிட்டது.

ஜாவா கம்பைல் செய்துதரும் ஒவ்வொரு கோப்பும் பதினாறடிமான எண்ணில் ஒரே அடையாளத்தோடு தொடங்கும். அந்த எட்டு எழுத்தைச் சேர்த்து வாசித்தால் 'கஃபே பேப்' என்று வரும். காபிக்கடைப் பெண்! கோஸ்லிங்கின் குறும்பு. உலகத்தில் இந்த நிமிஷம் ஓடிக்கொண்டிருக்கும் அத்தனை ஜாவா கோப்புகளின் நெற்றியிலும் அது இருக்கிறது. இரண்டு பெற்றோர் உள்ள இனக்குழுவை ஜாவாவும் அனுமதிக்கவில்லை. அந்த மட்டில் கோஸ்லிங், எஸ்டேட்காரர் கட்சி.

● எஸ்டேட்காரரின் தேர்வுக்கு என் தீர்ப்பு: நூற்றுக்கு நூறு. 1989-ல், இரண்டு பிளாப்பி டிரைவ், ஹார்டு டிஸ்க் இல்லாத பெட்டி, நினைத்தால் போய்விடும் மலைக் கரண்ட். ஸ்மால்டாக் மூச்சுமுட்டும். ஆப்ஜெக்டிவ்-சி விலைக்கு எட்டாது. சி++ கம்பைல் ஆவதற்குள் மின்சாரம் போய்விடும். டர்போ பாஸ்கலோ ஒரு மிடறு காபி குடிப்பதற்குள் வேலையை முடித்துவிடும். உலகம் பிறகு சி++ பக்கம் போனது உண்மை. உலகத்திடம் ஹார்டு டிஸ்க் இருந்தது.

மேனேஜர் இப்போதைக்கு எடைக்குப் போடவில்லை. உங்கள் வீட்டுப் பரணிலும் அப்பாவோ சித்தப்பாவோ வைத்துவிட்டுப்போன பிளாப்பிகள் இருந்தால், தூக்கி எறியுமுன் தெரிந்தவர் ஒருவரிடம் கொடுத்துப் படி எடுத்துவைக்கச் சொல்லுங்கள். பூஞ்சை பிடித்ததைத் துடைக்காமல் டிரைவில் போடவேண்டாம்; படிக்கும் ஹெட்டில் ஒட்டிக்கொண்டு, அடுத்துப் போடும் நல்ல பிளாப்பியையும் கெடுத்துவிடும்.